விசாரணையில் பொய் சொன்ன அதிகாரிக்குச் சிறையா? அமெரிக்காவின் பிரிவு 1001

அமெரிக்கச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் அடிக்கடி வரும். உளவு ரகசியம் கசிந்தது, அன்னிய நாட்டுத் தொடர்பு, தேர்தல் பணம் என்று பெரிதாக ஒரு விசாரணை தொடங்கும். ஒன்றிரண்டு வருடம் கழித்துக் குற்றப்பத்திரிகை வந்தால் அதில் அந்தப் பெரிய குற்றம் இருக்காது. "எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னார்" என்பது மட்டும் இருக்கும். உடனே இரண்டு பக்கமும் கூச்சல் கிளம்பும். "அசல் குற்றமே இல்லை, பொய் சொன்னதற்கா சிறை?" என்பார்கள் ஒரு பக்கம். "பொய் சொன்னவர் சாதாரண ஆளா? வெள்ளை மாளிகையில் உட்கார்ந்திருந்தவர்" என்பார்கள் மறுபக்கம். அடுத்த வழக்கில் மாட்டுகிறவர் எதிர்க்கட்சிக்காரர் என்றால் இரண்டு பக்கமும் வசனத்தை அப்படியே மாற்றிக்கொள்ளும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதவியில் இருப்பவர், தன் பதவி தொடர்பான விஷயத்தில், தெரிந்தே புலனாய்வு அதிகாரிகளிடம் பொய் சொன்னால் அவர் மீது வழக்குத் தொடுக்கத்தான் வேண்டும். சாதாரணக் குடிமகனைவிட அவர் விஷயத்தில்தான் இந்தச் சட்டம் நியாயமாகப் பொருந்துகிறது. ஏன் என்று புரிய, முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

சட்டம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் "ஃபெடரல்" என்றால் நாம் மத்திய அரசு என்று சொல்வது. அந்த அரசின் குற்றவியல் சட்டத் தொகுப்பில் 18ஆம் தலைப்பின் கீழ் வரும் பிரிவு 1001தான் இந்த வழக்குகளுக்கெல்லாம் அடிப்படை.

இதன் வேர் 1863இல் இருக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். படைக்குச் சரக்கு கொடுத்த ஒப்பந்தக்காரர்கள் போலிக் கணக்கு காட்டிக் கருவூலத்தைச் சுரண்டினார்கள். அதைத் தடுக்க வந்த சட்டம், பணத்துக்காக அரசிடம் சொல்லும் பொய்யை மட்டும் குறிவைத்தது. 1934இல் அது விரிந்தது. ஒதுக்கீட்டை மீறி எடுத்த எண்ணெய்க்குப் பொய்க் கணக்கு கொடுத்தவர்களைப் பிடிக்கப் பழைய சட்டம் போதவில்லை. அரசுக்குப் பண இழப்பு இல்லாவிட்டாலும் பொய் பொய்தான் என்று அப்போது திருத்தினார்கள். 1948இல் 1001 என்ற எண் வந்தது. 1996இல் நிர்வாகம், நாடாளுமன்றம், நீதித்துறை மூன்றுக்கும் இது பொருந்தும் என்று தெளிவாக எழுதினார்கள். வழக்காடுபவரும் அவருடைய வழக்கறிஞரும் நீதிபதி முன் சொல்வதற்கு மட்டும் விலக்கு உண்டு. நாடாளுமன்றத்தைப் பொறுத்தவரை, குழு விசாரணை போன்ற சில இடங்களுக்குத்தான் இது செல்லும்.

அரசுத் தரப்பு எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும்?

1. சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். சாமர்த்தியமான அரை உண்மை போதாது. இதையொட்டிய இன்னொரு பிரிவில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாகச் சொன்னது. சிகாகோ நகர மன்றத்தில் உறுப்பினராக இருந்த பேட்ரிக் டேலி தாம்சன் வங்கியில் மொத்தம் 2,19,000 டாலர் கடன் வாங்கியிருந்தார். கடன் பாக்கி பற்றிப் பேசியபோது 1,10,000 டாலர் கடன் வாங்கியதாகச் சொன்னார். அதுவும் உண்மைதான், முதல் தவணை அவ்வளவுதான். கேட்பவரைத் தவறாக நினைக்க வைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என்றது நீதிமன்றம்.

2. தெரிந்தே, வேண்டுமென்றே சொல்லியிருக்க வேண்டும். மறதி குற்றமல்ல. இப்படிப் பொய் சொல்வது சட்டவிரோதம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதை நீதித்துறை அமைச்சகமே 2014இல் ஏற்றுக்கொண்டது.

3. பொய் முக்கியமானதாக இருக்க வேண்டும். அதாவது விசாரணையின் போக்கை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். உண்மையில் மாற்றியதா, அதிகாரி ஏமாந்தாரா என்பது தேவையில்லை. முக்கியமா இல்லையா என்பதை ஜூரிதான் (குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழு) முடிவு செய்ய வேண்டும் என்று 1995இல் தீர்ப்பானது.

4. விஷயம் ஃபெடரல் அரசின் அதிகார எல்லைக்குள் வர வேண்டும்.

தண்டனை அதிகபட்சம் 5 வருடம். பயங்கரவாதம் போன்ற சில விஷயங்களில் 8 வருடம்.

இந்தப் பட்டியலில் என்னவெல்லாம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சத்தியப்பிரமாணம் தேவையில்லை. நீதிமன்றத்தில் சொல்கிற பொய்ச்சாட்சியத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியதில்லை, வாசற்படியில் நின்று வாயால் சொன்னால் போதும். "பொய் சொன்னால் குற்றம்" என்று அதிகாரி முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், சொன்னதைத் திரும்பப் பெற்றுத் தப்பிக்கும் வழியும் இந்தப் பிரிவில் இல்லை. பொய்ச்சாட்சியச் சட்டங்களில் ஒன்றில் அதற்குக் கொஞ்சம் இடமுண்டு.

ஒரே ஒரு "இல்லை"

இவ்வளவு அகலமான சட்டம் ஆபத்தில்லையா? ஆபத்துதான். அதை நன்றாகக் காட்டும் வழக்கு ஜேம்ஸ் புரோகனுடையது.

1993 அக்டோபர், ஒரு மாலை நேரம். தொழிற்சங்க நிர்வாகியான புரோகனின் வீட்டுக்கு இரண்டு ஃபெடரல் அதிகாரிகள் வருகிறார்கள். ஒத்துழைக்க விரும்பினால் வழக்கறிஞர் மூலம் தொடர்புகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, சில கேள்விகள் கேட்கலாமா என்கிறார்கள். சரி என்கிறார். சங்கத்தில் இருந்தபோது, சங்க உறுப்பினர்கள் வேலை பார்த்த ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்திடம் பணமோ பரிசோ வாங்கினீர்களா? "இல்லை." அதன் பிறகுதான் அவர்கள் விஷயத்தைச் சொல்கிறார்கள். நிறுவனத்தில் சோதனை முடிந்துவிட்டது, நீங்கள் வாங்கியதற்கான பதிவுகள் எங்களிடம் இருக்கின்றன, ஃபெடரல் அதிகாரியிடம் பொய் சொல்வது குற்றம். அவர் பதிலை மாற்றவில்லை.

அதுவரை பல கீழ் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட வெறும் மறுப்பை மன்னித்து வந்தன. பயந்துபோன மனிதன் முதலில் "நான் இல்லை" என்றுதான் சொல்வான் என்று அவை ஏற்றுக்கொண்டிருந்தன. 1998 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை நீக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கலியாவின் வாதம் நேரடியானது. வாயை மூடிக்கொள்ளும் உரிமையை அரசமைப்பு தருகிறது, பொய் சொல்லும் உரிமையைத் தரவில்லை. முடிவை ஏற்றுக்கொண்ட நீதிபதி கின்ஸ்பர்க் கூடவே ஓர் எச்சரிக்கையையும் எழுதினார். இல்லாத குற்றத்தை விசாரணையின் வழியே உண்டாக்கும் அதிகாரம் அரசு வழக்கறிஞர்கள் கைக்கு வந்துவிடுகிறது என்றார்.

அந்த எச்சரிக்கையை நான் முழுமையாக மதிக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஒருவரின் கதவைத் தட்டி, கையில் விடையை வைத்துக்கொண்டே கேள்வி கேட்டு, பதறிச் சொன்ன ஒரு சொல்லுக்குச் சிறையைக் காட்டுவது நல்ல நீதியல்ல. ஆனால் இதே வாதத்தை ஓர் உயர் அதிகாரிக்காகச் சொன்னால் அது நிற்குமா?

அதிகாரிக்கு ஏன் தனி அளவுகோல்?

நிற்காது என்பதற்கு மூன்று காரணங்கள்.

1. மௌனம் என்ற கதவு அவருக்கு உண்மையிலேயே திறந்திருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்கிறது ஐந்தாம் சட்டத் திருத்தம். வேலை போய்விடும் என்று மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தை அரசு ஊழியர் மீது குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று 1967இலேயே, நியூ ஜெர்சி போலீஸ்காரர்களின் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. இதோடு சேர்ந்த இன்னொரு தீர்ப்பு, புரோகன் தீர்ப்புக்குச் சில நாள் முன்பு, அதே 1998 ஜனவரியில் வந்தது. துறை விசாரணையில் ஃபெடரல் ஊழியர் தன் தவறை மறைத்துப் பொய் சொன்னால், அந்தப் பொய்க்காகத் தனியாக நடவடிக்கை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பேசாமல் இருக்கலாம், பேசினால் உண்மை பேச வேண்டும்.

2. சட்டம் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. இந்த வழக்குகளில் மாட்டியவர்களில் வழக்கறிஞர்கள் உண்டு, உளவுத்துறைத் தலைவராக இருந்தவர் உண்டு. எஃப்.பி.ஐ. எதற்கு வருகிறது, கேள்வி எங்கே போகிறது என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி.

3. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். வங்கிக் கொள்ளை என்றால் கேமரா இருக்கும், சாட்சி இருக்கும், கைரேகை இருக்கும். மூடிய அறைக்குள் அமைச்சரும் ஆலோசகரும் என்ன பேசினார்கள், யார் உத்தரவிட்டார்கள் என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர் பொய் சொன்னால் மக்கள் உண்மையைப் போய்ச் சேர வேறு பாதை பெரும்பாலும் இல்லை. சாதாரண மனிதனின் பொய் அவனைக் காப்பாற்றும். அதிகாரியின் பொய் ஓர் அலுவலகத்தையே மறைத்துவிடும்.

"அசல் குற்றம் இல்லையே" என்ற வாதம்: லிபி வழக்கு

இளைய புஷ் ஆட்சியில் துணை அதிபராக இருந்த டிக் செனியின் தலைமை அலுவலர் ஸ்கூட்டர் லிபி. 2003 ஜூலையில், இராக் போருக்கான காரணத்தைக் கேள்வி கேட்டு ஜோசப் வில்சன் என்ற முன்னாள் தூதர் எழுதினார். ஒரு வாரத்தில் அவர் மனைவி வலெரி பிளேம் சி.ஐ.ஏ.வில் பணிபுரிபவர் என்பது பத்திரிகையில் வெளிவந்தது. யார் கசியவிட்டது என்று விசாரணை தொடங்கியது.

பிளேம் பற்றி ஒரு தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் சொல்லித்தான், ஏதோ புதிதாகக் கேட்பதுபோல், தெரிந்துகொண்டதாக லிபி எஃப்.பி.ஐ.யிடமும், குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியிடமும் சொன்னார். அந்தப் பத்திரிகையாளரோ அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சாட்சி சொன்னார். அதைவிட, ஒரு மாதம் முன்பே செனி தன்னிடம் இதைச் சொன்னதாக லிபியின் குறிப்பேட்டிலேயே, அவர் கையெழுத்திலேயே இருந்தது. 2007 மார்ச்சில் ஐந்து குற்றச்சாட்டுகளில் நான்கில் அவர் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. 30 மாதச் சிறை, 2,50,000 டாலர் அபராதம்.

பிளேமின் பெயரைக் கசியவிட்டதற்காக யார் மீதும் வழக்கு வரவில்லை. பத்திரிகையாளரிடம் முதலில் சொன்னவர் வெளியுறவுத் துறைத் துணை அமைச்சர் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ் என்பது பின்னால் வெளியானது. "அப்படியானால் லிபி எதற்காகத் தண்டிக்கப்பட்டார்?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

அரசு வழக்கறிஞர் பேட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் பேஸ்பால் ஆட்டத்தை வைத்து இதற்குப் பதில் சொன்னார். பந்து ஆட்டக்காரரின் தலையில் படுகிறது. கை தவறியதா, வேண்டுமென்றே எறிந்ததா என்று நடுவர் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் நடுவர் கண்ணில் மண்ணை வாரிப் போடுகிறார். அப்புறம் வந்து "குற்றம்தான் நிரூபணமாகவில்லையே" என்றால் என்ன அர்த்தம்? கசிவு குற்றமா இல்லையா என்பது, யாருக்கு என்ன தெரியும், என்ன நோக்கம் என்பதைப் பொறுத்தது. சரியாக அந்த இடத்தில்தான் பொய் வந்து உட்கார்ந்தது. அசல் குற்றம் நிரூபிக்கப்படாததற்கு அந்தப் பொய்யே காரணமாக இருக்கலாம் என்னும்போது, பொய் சொன்னவருக்கே அதன் பலனைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

"இது பொறி" என்ற வாதம்: ஃப்ளின் வழக்கு

இது கடினமான வழக்கு.

மைக்கேல் ஃப்ளின் 33 வருடம் ராணுவத்தில் இருந்தவர், பாதுகாப்புத் துறையின் உளவு அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். 2016 டிசம்பர் கடைசியில், அடுத்த அதிபர் டிரம்ப்பின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகப் பதவியேற்கக் காத்திருந்தார். தேர்தலில் தலையிட்டதற்காக ஒபாமா ரஷ்யா மீது தடை விதித்து 35 ரஷ்யத் தூதரகத்தாரை வெளியேற்றினார். ஃப்ளின் ரஷ்யத் தூதரிடம் தொலைபேசியில் பேசி, பதிலடியைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். அந்த உரையாடல் எஃப்.பி.ஐ. கையில் இருந்தது. இதற்கிடையில் துணை அதிபராகப் போகும் பென்ஸ், தடை பற்றி அவர்கள் பேசவே இல்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார். ஃப்ளின் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

2017 ஜனவரி 24. எஃப்.பி.ஐ. துணை இயக்குநர் ஆண்ட்ரூ மெக்கேப் ஃப்ளினுக்கு நேரடியாகப் போன் செய்கிறார். இரண்டு அதிகாரிகள் மட்டும் வந்து பேசினால் சீக்கிரம் முடியும், வேறு யாரும் கூட இருக்க வேண்டுமென்றால் நீதித்துறை அமைச்சகத்தையும் சேர்க்க வேண்டிவரும் என்கிறார். ஃப்ளின் ஒத்துக்கொள்கிறார். வழக்கறிஞர் இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒலிப்பதிவு இல்லை. வந்தவர்கள் கேட்கிறார்கள், அவர் மறுக்கிறார்.

எஃப்.பி.ஐ. மேலதிகாரி ஒருவரின் கையெழுத்துக் குறிப்பு 2020இல் வெளிவந்தது. நம் நோக்கம் உண்மையை வாங்குவதா, அல்லது பொய் சொல்ல வைத்து வழக்குப் போடுவதா, வேலையை விட்டு நீக்க வைப்பதா என்று அதில் அவர் தனக்குத் தானே கேட்டிருந்தார். அதைப் படித்தபோது எனக்கும் உறுத்தியது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு, பொய்க்காகவே ஒரு கேள்வியைக் கேட்பது புலனாய்வாகாது.

ஆனாலும் இந்த வழக்கில் பொய் கேள்வியிலிருந்து பிறக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே துணை அதிபர் வாயிலாக அது நாட்டுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. ரஷ்யாவுக்கு உண்மை தெரியும், அமெரிக்க மக்களுக்குத் தெரியாது. அதனால் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரை ரஷ்யா மிரட்ட முடியும் என்று தற்காலிக அட்டர்னி ஜெனரல் (நீதித்துறை அமைச்சர்) சாலி யேட்ஸ் ஜனவரி 26 அன்றே வெள்ளை மாளிகையில் எச்சரித்தார். இதைவிட முக்கியமான கேள்வி எதுவாக இருக்க முடியும்? ஃப்ளின் 2017 டிசம்பர் 1 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டார், பிறகு அதிலிருந்து பின்வாங்கினார். 2020 மே மாதம், அந்தப் பொய் முக்கியமானதல்ல என்று சொல்லி அமைச்சகமே வழக்கைக் கைவிட மனு போட்டது. நவம்பரில் அதிபர் மன்னிப்புக் கொடுத்தார்.

எல்லோருக்கும் ஒரே சட்டமா?

என் வாதத்தின் பலவீனமான இடம் இதுதான். அதிகாரிகள் மீது வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறேன். நடைமுறையில் என்ன நடந்திருக்கிறது?

இரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவாவின் 'கான்ட்ரா' கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்ட இரான்-கான்ட்ரா விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பெர்கரையும் இன்னும் ஐந்து பேரையும் 1992 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மூத்த புஷ் மன்னித்தார். வைன்பெர்கர் மீதான விசாரணை தொடங்கவே இல்லை. கிளின்டனின் வீட்டு வசதி அமைச்சர் ஹென்றி சிஸ்னெரோஸ், பதவிக்கு முந்தைய பின்னணி விசாரணையில் எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னார். 18 குற்றச்சாட்டில் தொடங்கியது, ஒரு சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு 10,000 டாலர் அபராதத்தில் முடிந்தது. 2001இல் மன்னிப்பும் கிடைத்தது. லிபியின் சிறைத் தண்டனையை இளைய புஷ் நீக்கினார், 2018இல் டிரம்ப் முழு மன்னிப்புக் கொடுத்தார்.

ஃப்ளினுக்குப் போன் செய்த மெக்கேப்பும் இதில் வருகிறார். பத்திரிகைக்குத் தகவல் கொடுத்தது பற்றி அவர் நான்கு முறை நேர்மையாகப் பதில் சொல்லவில்லை, அதில் மூன்று முறை சத்தியப்பிரமாணத்தின் கீழ், என்று நீதித்துறை அமைச்சகத்தின் உள் கண்காணிப்பு அதிகாரியான இன்ஸ்பெக்டர் ஜெனரல் எழுதினார். அவர் அதை மறுத்தார். பணிநீக்கம் செய்தார்கள். வழக்குத் தொடுப்பதில்லை என்று 2020 பிப்ரவரியில் முடிவானது. எஃப்.பி.ஐ. வழக்கறிஞர் கெவின் கிளைன்ஸ்மித் இன்னொரு பக்கம். உளவுக் கண்காணிப்பு அனுமதிக்கான வேலையில் ஒரு மின்னஞ்சலின் வாசகத்தையே திருத்தினார். இதே பிரிவு 1001இன் கீழ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை, 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு.

குடிமகன் பொய் சொன்னால் சிறை, குடிமகனை விசாரிக்கிறவர் பொய் எழுதினால் கண்காணிப்பு என்ற எண்ணம் மக்களிடம் வந்துவிட்டால், அதற்கப்புறம் யார் மீது வழக்குப் போட்டாலும் அது அரசியலாகத்தான் தெரியும்.

2025இல் அதுதான் நடந்தது. எஃப்.பி.ஐ. முன்னாள் இயக்குநர் ஜேம்ஸ் கோமி 2020 செப்டம்பர் 30 அன்று செனட் குழுவிடம் பொய் சொன்னார் என்று 2025 செப்டம்பர் 25 அன்று குற்றப்பத்திரிகை வந்தது. ஐந்து வருடக் காலக்கெடு முடிய ஐந்து நாள்தான் இருந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் அதிபர், கோமி உள்ளிட்டோர் மீது உடனே நடவடிக்கை வேண்டும் என்று அட்டர்னி ஜெனரலைப் பெயர் சொல்லி வெளிப்படையாக எழுதியிருந்தார். முந்தைய அரசு வழக்கறிஞர் வெளியேறினார், அதுவரை எந்தக் குற்ற வழக்கையும் நடத்தியிராத ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். அந்த நியமனமே சட்டப்படி செல்லாது என்று நவம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளினார்.

பொய்க்கு வழக்கு என்பதற்கும் ஆளுக்கு வழக்கு என்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது. லிபி வழக்கில் முதலில் விசாரணை, அதில் பொய், அப்புறம் குற்றச்சாட்டு. இங்கே ஆளை முதலில் தேர்ந்தெடுத்தார்கள், குற்றத்தை அப்புறம் தேடினார்கள்.

எதை மாற்றலாம்?

சட்டத்தின் வாசகத்தைவிட விசாரணை நடக்கும் முறையில்தான் முதல் மாற்றம் வேண்டும். எஃப்.பி.ஐ. ஒருவரிடம் பேசினால் பொதுவாக இரண்டு பேர் போவார்கள். ஒருவர் கேட்பார், ஒருவர் குறிப்பெடுப்பார். அலுவலகம் திரும்பி, நினைவிலிருந்தும் குறிப்பிலிருந்தும் '302' என்ற படிவத்தில் எழுதுவார்கள். நீதிமன்றத்தில் அதுதான் "அவர் சொன்னது". கைதாகிக் காவலில் இருப்பவரின் விசாரணையைப் பதிவு செய்வதே வழக்கமாக இருக்க வேண்டும் என்று 2014இல் அமைச்சகம் கொள்கை வகுத்தது. ஆனால் வீட்டு வாசலிலும் அலுவலகத்திலும் நடக்கும் பேச்சுக்கு அது பொருந்தாது. பொய் வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடமே அதுதான். ஒருவர் வாயால் சொன்ன சொல்லே குற்றம் என்றால், அந்தச் சொல்லை அவர் குரலிலேயே ஜூரி கேட்க வேண்டும்.

இரண்டாவது, கேள்விக்கு முன் ஒரு வரி: "இதற்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், பொய் சொன்னால் குற்றம்." புரோகனுக்கு இதன் பின்பாதியை அவர் பதில் சொன்ன பிறகுதான் சொன்னார்கள். ஃப்ளினுக்குச் சொல்லவே இல்லை. முன்பே சொல்லியிருந்தால் "பொறி" என்ற பேச்சுக்கு இடமே இருந்திருக்காது. அதைக் கேட்ட பிறகும் ஓர் ஆலோசகர், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தூதரிடம் அப்படிப் பேசவே இல்லை என்று சொன்னால், ஜூரி முன் அந்த வழக்கை எடுத்துப் போக எந்த அரசு வழக்கறிஞரும் தயங்க வேண்டியதில்லை.